இலங்கை, இந்தியா உயர்கல்விச் செலவு: கணக்கு எங்கே பிழைக்கிறது?

தம்பி, ஒப்படைக்காக இரண்டு நாட்டுப் பாதீட்டையும் டாலருக்கு மாற்றி மாணவர் தொகையால் வகுத்ததாகவும், இந்தியா நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் எடுத்தது டெல்லி ஒதுக்கிய பணம் மட்டும். அங்கே 1976 முதல் கல்வி பொதுப்பட்டியலில், அதாவது மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் பொதுவான பொறுப்புகளின் பட்டியலில் இருக்கிறது; மாநிலங்களும் தங்கள் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் நிறையச் செலவழிக்கின்றன. அதையும் கூட்டுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் வகுக்கும் எண்ணில். இந்தியாவில் பெரும்பாலான கல்லூரிகள் தனியார் நடத்துபவை. அங்கே படிக்கும் பிள்ளைகள் பலரின் கட்டணம் வீட்டிலிருந்து போகிறது. இங்கே திருகோணமலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் அரசு அனுமதியில் இளமாணி படிக்கும் பிள்ளைக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. விரிவுரையாளர் சம்பளம், ஆய்வுகூடம், கட்டடம் எல்லாம் பெரும்பாலும் அரசின் தலையில். இந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே எண்ணால் வகுத்தால் எப்படிச் சரிவரும்? அரசு நிறுவன மாணவர்களைத் தனியாக எடுங்கள்.

பல்கலைக்கழக மாணவருக்கு உதவித்தொகை கொடுக்கும் மகாபொல நிதிக்கு லொத்தர் பணமும் வருகிறது. அதைச் சேர்த்தீர்களா என்று குறிப்பிடுங்கள். அப்புறம், நமது நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, அவர்களது ஏப்ரலில்; ஆகவே எந்த ஆண்டை எதனுடன் ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். டாலரை விட்டுவிட்டு, மாணவர் ஒருவருக்கான செலவை அந்தந்த நாட்டின் தலா வருமானத்தின் வீதமாகப் போட்டுப் பாருங்கள்.