ஏற்காடு மலைக்கு ஆட்டோமேட்டிக் கார் ஏறுமா?

கேள்வி: மாதம் இரண்டு தடவை அம்மாவைப் பார்க்க ஏற்காடு போகிறேன். முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. ஷோரூமில் ஏஎம்டி, சிவிடி, டிசிடி என்று அடுக்குகிறார்கள். எதை வாங்கலாம்?
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: சேலத்திலிருந்து நீங்கள் ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் சக்கரம் மெதுவாகத்தான் உருளும், ஆனால் இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் இழுவை கிடைக்கும். அதற்குத்தான் கியர். சின்ன கார்களில் முதல் கியரில் உள்ளே போகும் தண்டு ஏறத்தாழ மூன்றரைச் சுற்று சுற்றினால் வெளியே வருவது ஒரு சுற்றுதான். வேகம் குறையும், பலம் கூடும்.

ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பெட்டியேதான். உங்கள் இடது கால் செய்த வேலையை ஒரு மோட்டார் செய்கிறது, அவ்வளவுதான். விலை குறைவு, மைலேஜும் நன்றாக வரும். ஆனால் உள்ளே கிளட்ச் பிளேட் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. போன கோடையில் ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றபோது, முன்னால் இருந்தவர் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே காரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் கருகல் வாடை என் காருக்குள் வந்துவிட்டது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் போதும். அப்புறம், வளைவுக்கு முன்பே 'எம்' (நாமே கியர் மாற்றும் மேனுவல் நிலை) போட்டு இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், இல்லையென்றால் பாதி வளைவில் கியர் மாறி வண்டி தயங்கும்.

டிசிடியில் இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, இன்னொன்று இரட்டைப்படைக்கு. மாற்றம் கண் இமைப்பதற்குள் முடியும். ஊர்ந்து ஊர்ந்து ஏறினால் இதிலும் கிளட்ச் சூடாகும். சிவிடியில் பல்சக்கரப் படிகளே இல்லை, அகலம் மாறும் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு எஃகு பெல்ட். குலுங்காது, ஏற்றத்தில் இரைச்சல் மட்டும் கொஞ்சம் அதிகம்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு இன்னொரு வகை ஆட்டோமேட்டிக்தான் சரி, டார்க் கன்வெர்ட்டர். இன்ஜின் பக்க விசிறி எண்ணெயைச் சுழற்ற, அந்த எண்ணெய் எதிர் விசிறியைச் சுழற்றுகிறது. கிளம்பும்போது தேய்ந்து கருக கிளட்ச் பிளேட்டே இல்லை. விலை கட்டுப்படியாகாவிட்டால் சிவிடி.

எதை வாங்கினாலும் இறங்கும்போது நியூட்ரலில் விடவே விடாதீர்கள். 'எல்' அல்லது 'எம்' போட்டு கீழ் கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகி பிடிப்பு விடாது. டெஸ்ட் டிரைவை சேலம் நகருக்குள் ஐந்து ரோடு பகுதியிலேயே முடித்துக்கொள்ள வேண்டாம். வீட்டார் எல்லோரையும் ஏற்றி, அடிவாரத்திலிருந்து நாலு வளைவாவது ஓட்டிப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.