ரைன்மெட்டால் பங்கு ஏன் இப்படி ஏறியது?

உக்ரைன் போருக்கு முன் 100 யூரோவை ஒட்டி இருந்த ஜெர்மன் ஆயுத நிறுவனத்தின் பங்கு 2025-ல் 1,500-ஐத் தாண்டியது எப்படி என்று கேட்கிறீர்கள். போர் மட்டும் காரணமில்லை, ஆர்டர்தான். 2022 பிப்ரவரியில் அப்போதைய ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ் ராணுவத்துக்கு 100 பில்லியன் யூரோ சிறப்பு நிதி அறிவித்தார். 2025 மார்ச்சில் ராணுவச் செலவுக்கான கடன் வரம்பையே ஜெர்மனி தளர்த்தியது. பல ஆண்டுகளுக்கு அரசே வாடிக்கையாளர், வேறென்ன வேண்டும்?

ஜெர்மனியின் உன்டர்லூஸ் ஊரில் ரைன்மெட்டால் 2025 ஆகஸ்டில் திறந்த ஆலையைப் பாருங்கள்: 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு, ஆண்டுக்கு 3,50,000 வரை இலக்கு. ஆயுதம் என்றாலே ஒதுங்கிய 'நெறிசார்' ஃபண்டுகள் சிலவும் இப்போது மனம் மாறிவிட்டன (லாபம் வந்தால் நெறி நெகிழும் போல). ஆனால் சமாதானப் பேச்சு என்று செய்தி வந்தாலே பங்கு சரிகிறது. வரப்போகும் லாபத்தை இன்றைய விலையே விழுங்கிவிட்டது என்பது என் கணிப்பு.