தன்னை அறிவதா, தன்னையே நினைப்பதா?

சேலத்தில் எங்கள் வாசகர் கூட்டத்தில் போன வாரம் "தன்னை அறிதல்" பற்றிப் பேசினேன். பேச்சு முடிந்ததும் துண்டுச்சீட்டுகள் வந்து குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்தது சைவ சித்தாந்தமும் கொஞ்சம் வேதாந்தமும். அதற்குள் அடங்குவதற்குப் பதில் சொல்கிறேன். முன்னாலேயே ஒன்று: மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தியானத்தை நம்பி நிறுத்தாதீர்கள்.

அஸ்தம்பட்டி வாசகர்: இரண்டு வருஷமாகத் தியானம் செய்கிறேன். சுயநலக்காரனாகிவிட்டேன் என்கிறார்கள் வீட்டில். ஆத்ம ஞானத்துக்கும் சுயநலத்துக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: நீங்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கிறது. "இந்த வீட்டில் அரை மணி நேரம் நிம்மதி உண்டா?" என்று கத்துகிறீர்களா? கத்தினால் வீட்டார் சொல்வது சரி. அந்தச் சோறு உங்களுக்கும் சேர்த்துத்தான் வேகிறது.

தன்னை அறிவது என்றால் தன் விருப்பு வெறுப்புக்குக் கணக்கு எழுதுவது இல்லை, அந்தக் கணக்கை எழுதுகிற ஆள் யார் என்று பார்ப்பது. சாங்கியம் என்ற பழைய தத்துவம் அந்த ஆளுக்கு அகங்காரம் என்று பேர் வைத்துத் தனியாகவே பிரித்துவிட்டது. 1896-இல் பதினாறு வயது வேங்கடராமன், அதாவது பிற்காலத்து ரமணர், மதுரை வீட்டை விட்டுக் கிளம்பும்போது எழுதிவைத்த சீட்டைப் பாருங்கள். "நான்" என்று தொடங்குகிறது. அடுத்த வரியில் அந்த "நான்" "இது" ஆகிவிடுகிறது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. ஆனால் அண்ணனின் காலேஜ் சம்பளம், அதாவது ஃபீஸ், ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு இதோடு இருக்கிறது, சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று மறக்காமல் எழுதியிருக்கிறார். தன் பேரைத்தான் விட்டார், அண்ணன் காலேஜ் சம்பளத்தை விடவில்லை.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: எனக்கு ஆணவமே கிடையாது. எதற்கும் லாயக்கில்லாதவன் என்றுதான் எப்போதும் நினைப்பு. ஞானத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேனா?

பதில்: இல்லை. பேச்சு வழக்கில் ஆணவம் என்றால் திமிர். சித்தாந்தத்தில் அது உயிரைக் கட்டிவைக்கும் மூன்று அழுக்குகளான மும்மலங்களில் மூத்தது, விரிந்த உயிரை அணுவாகச் சுருக்கிவிடுவது. செம்பில் களிம்பு போல என்பார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியது இல்லை, செம்போடு கூடவே இருப்பது. மார்தட்டினாலும் மாரில் அடித்துக்கொண்டு அழுதாலும் கை படுவது அதே மாரில்தான். சரி, தூக்கமும் சாப்பாடும் குறைந்து இந்த நினைப்பே நாள் முழுக்க ஓடினால் அது தத்துவம் இல்லை, நோய். டாக்டரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள்.

ஓமலூர் வாசகர்: ஏற்காட்டில் மூன்று நாள் முகாம், ஆத்ம அனுபவம் நிச்சயம் என்கிறார்கள். பணம் கட்டலாமா?

பதில்: இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்க் காப்பிக்கொட்டை வாங்கி வாருங்கள். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஜெர்மனியில் யோகா கற்றவர்களைப் பதினைந்து வாரம் கவனித்தார்கள். வகுப்பு முடிந்த கையோடு கேட்டபோது தங்களைப் பற்றிய மதிப்பு ஏறித்தான் இருந்தது, அடங்கவில்லை.

அம்மாப்பேட்டை ஆசிரியை: பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கிய முனிவர் தன் மனைவி மைத்ரேயியிடம், கணவன் பிரியமாவது கணவனுக்காக இல்லை, ஆத்மாவுக்காக என்கிறார். இதைவிடச் சுயநலம் உண்டா?

பதில்: அந்த ஆத்மா யாக்ஞவல்கியர் என்ற தனி ஆள் இல்லை அம்மா. இதெல்லாமே ஆத்மாதான் என்று அதே உபதேசத்தில் சொல்கிறார். உங்களிடமும் எனக்குக் குடிதண்ணீர் கொண்டுவருகிறவரிடமும் இருப்பது அதுவே.

அதே ஆசிரியை, அடுத்த சீட்டு: தத்துவம் சரி. சொத்தை இரண்டு மனைவிகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு அவர் துறவுக்குக் கிளம்புகிறார். மைத்ரேயிக்கு உபதேசமாவது கிடைத்தது. காத்யாயனிக்கு?

பதில்: மாட்டிவிட்டீர்கள். காத்யாயனி அங்கே ஒரு வார்த்தை பேசுவதில்லை. வீட்டு அறிவு மட்டும் உள்ளவள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது உபநிடதம். பணத்தால் அமரத்துவம் வருமா என்று மைத்ரேயி கேட்டார், அதனால் பதில் கிடைத்தது என்று நான் சமாளிக்கலாம். உங்களிடம் அது எடுபடாது.

சூரமங்கலம் வாசகர்: துறவியைக் குடும்பக் கணக்கில் பார்ப்பது தவறு!

பதில்: ஏன் பார்க்கக்கூடாது? ரமணரின் தாயார் அழகம்மாள் 1916-இல் மகனிடமே வந்து தங்கினார். 1922-இல் அவர் உயிர் பிரியும்போது பக்கத்திலேயே இருந்தது அந்த மகன்தான். துறவு அதைத் தடுக்கவில்லை.

ஆத்தூர் வாசகர்: என் ஜாதகத்தில் ஞான யோகம் உண்டா?

பதில்: ஜோதிடரைக் கேளுங்கள்.

சங்ககிரி வாசகர்: ஆத்ம ஞானமும் சுயநலமும் ஒன்றா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இது ஏழாவது முறை.

காத்யாயனிக்காக இன்னும் ஒன்பது சீட்டு கிடக்கிறது. எட்டு பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒன்பதாவது அம்மாப்பேட்டை ஆசிரியையுடையது: "அடுத்த கூட்டத்தில் காத்யாயனியாக நான் பேசலாமா?" பேசுங்கள் அம்மா. முதல் அரை மணி நேரம் உங்களுக்கு.