விளக்கைப் பற்றிக் கேட்ட பிள்ளை

அன்புள்ள அம்மா,

நான் கல்வியியற் கல்லூரி மாணவி. மூன்றாம் வருடப் பயிற்சிக்காக முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் 10இல் 11 பிள்ளைகள்தான். பண்பாட்டைக் காக்கிற பாடசாலை என்று ஊரில் நல்ல பெயர். ஆனால் கண்ணகி கதையை ஆடுகிற கோவலன் கூத்துக்குப் பழக்கம் (ஒத்திகை) தொடங்கினால் என் பாடவேளைதான் போகிறது. மத்தளச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கொப்பியை மூடிவிடுகிறார்கள். அதிபரிடம் சொன்னேன். "ஒரு பாடம்தானே, பிறகு எடுக்கலாம்" என்றார். ஆய்வுகூடம் என்று ஒரு அலுமாரி இருக்கிறது. பன்சன் சுடரடுப்புக்குப் பதிலாக மெழுகுதிரி. இரவிரவாகப் பாடக்குறிப்பு எழுதுகிறேன், விடிந்தால் கூத்து. விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வந்த அன்றும் பாதி வகுப்பு கூத்துக்குப் போய்விட்டது.

தகனம் படிப்பித்த அன்று மட்டும் எல்லாரும் இருந்தார்கள். அன்றும் ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், அப்ப வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்தண்ணியில விளக்கு எப்பிடி எரியுது?" என்று கேட்டாள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு எண்ணெய்க்குப் பதில் கடல்தண்ணீரில் விளக்கு எரியும் என்பது ஊர் நம்பிக்கை. வகுப்பே என்னைப் பார்த்தது. அது பாடத்தில் இல்லை, இரும் என்றேன். (எங்கள் அம்மாவும் ஒவ்வொரு வைகாசியும் அந்தப் பொங்கலுக்குப் போகிறவர்தான்.) அதற்குப் பிறகு அவள் கை உயர்த்துவதில்லை. அது வேறு கதை.

விஞ்ஞானத்தை மதிக்காத இடத்தில் நான் எப்படி ஆசிரியராவது? ஏன் என் பாடவேளையையே எடுக்கிறார்கள்?

பதில்

அன்புள்ள பிள்ளைக்கு,

பாடவேளை பறிபோவது நியாயமில்லை. போனவற்றைத் திகதியோடு எழுதி அதிபரிடம் கொடுத்து, ஈடுசெய்ய நேரம் கேளுங்கள். அதற்கு அவ்வளவு போதும்.

"அது வேறு கதை" என்று எழுதினீர்களே, நான் அங்கேதான் நின்றுவிட்டேன். எரிபொருள், ஒட்சிசன், எரிபற்று வெப்பநிலை மூன்றும் வேண்டும் என்று நீங்கள் படிப்பித்திருப்பீர்கள். அவள் அதைக் கொண்டுபோய்த் தனக்குத் தெரிந்த விளக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அந்த விளக்குக்காகச் சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுப்பதையும், முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் விளக்கேற்றுவதையும் சின்ன வயதிலிருந்தே பார்த்தவளாக இருப்பாள். உங்கள் பாடம் அவளுக்குள் இறங்கியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவளைத்தான் நீங்கள் இருத்திவிட்டீர்கள்.

கோபிக்காதீர்கள். விஞ்ஞானத்தை மதிக்காத இடம் என்று ஊரைச் சொல்கிறீர்கள். அன்று விஞ்ஞானக் கேள்வி கேட்டது ஊர்ப்பிள்ளை. அதை நிறுத்தியது நீங்கள்.

ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் அடைப்புக்குறிக்குள் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எரியும் என்றால் படித்த படிப்பு என்னாவது, எரியாது என்றால் அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது? இந்தப் பயத்துக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை ஒரு பிள்ளையின் தலையில் இறக்கியது பிழை. மத்தளத்தின் மேல் உங்களுக்கு இவ்வளவு கோபம் வருவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அவள் உங்களிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. "நானும் அதை யோசித்திருக்கிறேன், எனக்கும் விடை தெரியாது" என்று சொல்லலாம்தானே. முதலில், அன்று இருத்தியது பிழை என்று வகுப்புக்கு முன்னாலேயே அவளிடம் சொல்லுங்கள். அப்புறம் கடற்கரைப் பக்கம் வீடுள்ள பிள்ளையிடம் ஒரு போத்தல் கடல்தண்ணி கொண்டுவரச் சொல்லுங்கள். அகன்ற சட்டியில் ஊற்றி வெயிலில் வையுங்கள். லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு மிஞ்சும். உப்பு எரியுமா, திரி எதை உறிஞ்சுகிறது என்று அவர்களே கேட்கட்டும். கோவிலுக்குள் போய் முடிவு சொல்லுவது உங்கள் வேலையில்லை.

அடுத்த கூத்துப் பழக்கத்தின்போது ஆசிரியர் அறையில் இருக்காமல் போய்ப் பாருங்கள். வற்றாப்பளை அம்மனும் அந்தக் கண்ணகிதானே. கூத்தில் அந்தப் பிள்ளை யார்? கண்ணகியா, தோழியா, பிற்பாட்டா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.