பொன்னியின் செல்வனுக்குப் பிறகு எதுவும் ஓடவில்லையா?

வணக்கம். ஐந்து பாகத்தையும் முடித்த பிறகு வேறெதுவும் பிடிக்கவில்லை, ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' நாவலை 50 பக்கத்தில் மூடிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அது இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும்.

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. வாசகர் அடுத்த வாரமும் இதழை வாங்க வேண்டுமே! அதனால் பல அத்தியாயங்கள் ஒரு முடிச்சோடு நிற்கும். உங்களுக்குப் பழகிப்போனது அந்த முடிச்சுதான்.

முதலில் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' எடுங்கள். தொடக்கத்திலேயே ஒரு கொலை. அதனால் கை தானாகப் பக்கத்தைப் புரட்டும். அப்புறம் ஒரு பாட்டி, தெலுங்கு நாட்டிலிருந்து தன் குடும்பம் தப்பி வந்த கதையைச் சொல்ல ஆரம்பிப்பாள். எனக்கு அந்தப் பகுதியில் திண்ணையில் உட்கார்ந்து கேட்பது போலவே இருந்தது.

அடுத்து அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சின்ன நாவல். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், குடத்தோடு அலையும் பெண்கள், வெளியே பெரிதாக எதுவும் நடக்காது. ஆனால் டீச்சரம்மா தன் வாழ்க்கையைச் சொல்லி நாயகி ஜமுனாவைத் தேற்றும் இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை, புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' பலரும் சொல்வார்கள். சங்கீத குரு ரங்கண்ணா வரும் பக்கங்களுக்காக நானும் சொல்வேன். நாயகன் பாபுவின் புலம்பல் மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

நாவலே வேண்டாம் என்று தோன்றினால் தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' இருக்கிறது. உப்பு, எண்ணெய் என்று சின்னச் சின்னக் கட்டுரைகள், எந்தப் பக்கத்தில் தொடங்கினாலும் சரி.