மொட்டையாகிப் போன மணி பிளாண்ட்: எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எங்கள் பழைய வீட்டின் வளவில் (உள்முற்றத்தில்), தூண் ஓரமாக ஒரு பெரிய பீங்கான் ஊறுகாய் ஜாடியில் மணி பிளாண்ட் வைத்திருக்கிறேன். நாலைந்து கொடிகள் 10 அடிக்கு மேல் நீண்டுவிட்டன. நுனியில் மட்டும்தான் இலை, மற்றபடி வெறும் தண்டு. அடியில் மிஞ்சிய ஒன்றிரண்டு இலையும் பழுக்கிறது. வெட்டினால் தழைக்குமா? வெட்டினால் வீட்டில் காசு தங்காது என்று மாமியார் தடுக்கிறார்.”

தழைக்கும் ஆச்சி, தயங்காமல் வெட்டுங்கள். ஆனால் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் அந்த ஜாடியைப் பாருங்கள். ஊறுகாய் ஜாடிக்கு அடியில் ஓட்டை கிடையாது. ஊற்றுகிற தண்ணீர் அடியிலேயே தேங்கும், வேர் மூச்சுத் திணறி அழுகும், அடி இலை பழுக்கும். ஒரு குச்சியை ஆழமாகச் செருகி எடுத்து முகர்ந்து பாருங்கள். சாக்கடை வாடை அடித்தால் கோளாறு வேரில் இருக்கிறது. அப்படியானால் செடியை வெளியே எடுத்து, கறுத்துக் கொழகொழவென்று இருக்கும் வேர்களை நறுக்கிவிட்டுப் புது மண்ணில் வையுங்கள். அந்தக் காலத்து ஜாடியைத் துளைபோட்டுக் கெடுக்க வேண்டாம். ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை நட்டு, அதை ஜாடிக்குள் இறக்கிவிட்டால் போதும். பித்தளை அண்டா, குண்டானில் செடி வைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

சரி, இப்போது வெட்டுக்கு வருவோம். இலை உதிர்ந்துபோன கணுவில் மறுபடி அந்த இலை வராது. எத்தனை உரம் போட்டாலும் வராது. ஆனால் அந்தக் கணுவில் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். அது விழித்தால் புதுக் கொடியே கிளம்பும். அதை விழிக்க விடாமல் வைத்திருப்பது நுனிக் குருத்து. அங்கே சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியாகக் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனி போனால் அந்த அடக்குமுறையும் போகும். உடனே வெட்டுக்கு நேர் கீழே இருக்கும் கணு முளைவிடும், பெரும்பாலும் அந்த ஒரு கணு மட்டும். நுனியை லேசாகக் கிள்ளிவிட்டு ‘அடியில் ஒன்றும் தழைக்கவில்லையே’ என்று பலர் சோர்ந்துபோவது இதனால்தான். எங்கே தழைக்க வேண்டுமோ அங்கேதான் வெட்ட வேண்டும். உங்களுக்கு அடியில் தழைக்க வேண்டும். அதனால் மண்ணிலிருந்து இரண்டு மூன்று கணு மட்டும் விட்டுவிட்டு வெட்டுங்கள்.

கொடியை விரலால் வருடிப் பாருங்கள். ஒவ்வொரு சாணுக்குள்ளும் ஒன்றிரண்டு இடத்தில் மேடாக ஒரு வளையம் தட்டுப்படும். அதுதான் கணு. அதில் பழுப்பாக, மருபோல நீட்டிக்கொண்டிருப்பது வேர் முனை. இலை விழுந்த தழும்புக்குச் சற்று மேலே பச்சையாக ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், அதுதான் மொட்டு. அந்தக் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, ஒரே வெட்டாக வெட்டுங்கள். கணுவையே நசுக்கினால் மொட்டு போச்சு. நீளமாகக் குச்சி விட்டு வெட்டினால் அது காய்ந்து தொங்கும். கத்தரிக்கோலை முன்னதாகச் சானிடைசரால் துடைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கொடியையும் ஒரே நாளில் மொட்டையடிக்க வேண்டாம். இலைதான் செடிக்குச் சாப்பாடு தயாரிக்கிறது. முதலில் இரண்டு கொடியை வெட்டுங்கள். மூன்று நான்கு வாரத்தில் அவற்றில் முளை தெரிந்ததும் மற்றவற்றைத் தொடுங்கள். இலை குறைந்த செடி தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். புது இலை விரியும்வரை உரம் எதுவும் வேண்டாம்.

வெட்டி எடுத்ததை எறிந்துவிடாதீர்கள். பானை நிறைந்து வழிவதுபோன்ற அடர்த்தி பழைய தண்டு முளைப்பதால் மட்டும் வராது, வெட்டிய துண்டுகளை அதே தொட்டியில் நடுவதால்தான் வரும். ஒரு கணு, ஒரு இலை இருக்கும்படி துண்டு போட்டு, கணு முங்கவும் இலை வெளியே இருக்கவும் தண்ணீரில் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் வரும். வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் ஏழெட்டுத் துண்டுகளைத் தொட்டியைச் சுற்றி நட்டுவிடுங்கள். இலையே இல்லாத தண்டுத் துண்டுகூட, ஈர மணலில் பாதி புதையப் படுக்கவைத்தால் முளைக்கும்; கொஞ்சம் பொறுமை வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் தனியாகப் போட்டால் இறுகிவிடும். தென்னை நார்க்கழிவும் மக்கிய எருவும் சம அளவு கலந்துகொள்ளுங்கள்.

மாமியார் சம்மதிக்காவிட்டால் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். நீண்ட கொடியை வெட்டாமலே தொட்டியின் மேல்மண்ணில் வட்டமாகச் சுற்றி, கணுக்கள் மண்ணில் படும்படி கொண்டை ஊசியால் குத்தி நிறுத்துங்கள். மண்ணை ஈரமாக வைத்தால் கணுக்கள் அங்கேயே வேர்பிடிக்கும்; நுனி வெட்டாமல் இருந்தாலும் போகப்போகச் சில கணுக்கள் முளையும் விடும். ஒரு செடி பத்துச் செடியாவதைப் பார்த்த பிறகு அவரே கத்தரிக்கோலை எடுத்துத் தருவார் என்பது என் நம்பிக்கை.

எப்போது வெட்டலாம்? மாசி, பங்குனி நல்லது. அதை விட்டால் ஆடி, ஆவணி. கத்திரி வெயிலில் இளங்குருத்து கருகும், ஐப்பசி அடைமழையில் வெட்டுவாய் அழுகும்.

இவ்வளவு செய்தும் இடத்தை மாற்றாவிட்டால் ஒரு வருடத்தில் மறுபடி இதே மொட்டைக் கொடிதான். வெளிச்சம் போதாத கொடி வெளிச்சத்தைத் தேடித்தான் நீள்கிறது. அதனால்தான் கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, இலை சிறுத்து, மஞ்சள் வரி மங்கிப்போகிறது. வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தின் உள்மூலை அதற்கு இருட்டு. திறந்த முற்றத்தின் நடுவிலோ உச்சிவெயில் இலையைப் பொசுக்கும். தாழ்வார விளிம்பில், காலை வெயில் மட்டும் சாய்வாக விழும் பக்கம் வையுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பினால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலத் தழைக்கும்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். கொடியைத் தேக்குத் தூணிலோ சுவரிலோ ஏற விடாதீர்கள். காற்றுவேர் ஒட்டிப் பிடித்தால், பிய்க்கும்போது சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்து வரும். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த அந்த வழவழப்பை இன்று அதேபோலச் செய்துதர ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஏற்றித்தான் வளர்க்க வேண்டுமென்றால் தொட்டிக்குள்ளேயே தென்னைநார் சுற்றிய கம்பை நடுங்கள். பற்றி ஏறும் கொடியில் இலையும் பெரிதாகும்.

வெட்டும்போது வடியும் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. தோலில் பட்டால் அரிக்கும், வாயில் பட்டால் எரியும், வீங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தவழும் குழந்தையும் பூனையும் இருக்கிற வீடென்றால் துண்டுகள் ஊறும் பாட்டிலை எட்டாத மாடத்தில் வையுங்கள்.