விருதுக்கு முன்னாடி பாட்டைச் சொல்லுங்க தம்பி

அக்கா வணக்கம்,

நான் ஒரு ராக் பேண்ட்ல டிரம்ஸ் வாசிக்கிறேன். நாலு பேர், எல்லாருக்கும் பகல்ல வேற வேலை, ராத்திரிதான் பிராக்டிஸ். இத்தனை வருஷம் மேடையில மத்தவங்க பாட்டு, நடுநடுவுல எங்க பாட்டுன்னு ஓட்டிட்டிருந்தோம். இப்பத்தான் முதல் தடவையா சொந்தப் பாட்டு நாலை ஸ்டுடியோவுல ரெக்கார்ட் பண்ணியிருக்கோம், ஈபியா (ஆல்பத்தை விடச் சின்னத் தொகுப்பு) வரப்போகுது. டிரம்ஸ், பேஸ், ரிதம் கிட்டார் மூணும் ஒரே ரூம்ல ஒண்ணா வாசிச்சு எடுத்தது, லீட் கிட்டாரும் குரலும் அப்புறமா மேல சேர்த்தது. இதுக்கு முன்னாடி ஒரு பாட்டோட டெமோவை, அதாவது மாதிரிப் பதிவை, ஒரு ஆன்லைன் போட்டிக்கு (காசு கட்டித்தான்) அனுப்பியிருந்தோம், செமி ஃபைனல் வரைக்கும் போச்சு. அப்புறம் ஒரு காலேஜ் ரேடியோவுல இன்னொரு பாட்டை ரெண்டு வாட்டி போட்டாங்க.

இதையெல்லாம் சேர்த்து ஒரு அறிவிப்பு எழுதணும். எங்க பாடகர் "விருது பெற்ற ராக் பேண்ட்"னு ஆரம்பிச்சு எழுதிட்டு வந்துட்டார், படிச்சதும் எனக்கு ஒரே கூச்சமா போச்சு. கேட்டா "தன்னடக்கம் பாத்துட்டிருந்தா எவன் கேப்பான்"ங்கறார், அதுவும் நியாயமாத்தான் தெரியுது. இன்னொண்ணு, ஈபியில ஒரு பாட்டோட மெயின் ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் மெட்டு) போன வருஷம் சண்டை போட்டு பேண்டை விட்டுப் போன கிட்டாரிஸ்ட் போட்டது. அவர் பேரைப் போடணுமா வேண்டாமான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

அன்புடன்,
ஒரு டிரம்மர்
(என் பேரும் பேண்ட் பேரும் வேண்டாம்)

தம்பி,

உங்க பாடகர் சொல்றதுல பாதி சரி. "ஏதோ எங்களால முடிஞ்சது, நேரம் இருந்தா கேளுங்க"ன்னு எழுதினா நிஜமாவே யாரும் கேக்க மாட்டாங்க, அந்த மாதிரி அறிவிப்பு எனக்கும் வரும், அதுல பாட்டு பேரையே தேடித்தான் கண்டுபிடிக்கணும். ஆனா "விருது பெற்ற" வேண்டாம்னு நான் சொல்றது அடக்கத்துக்காக இல்ல, அது வேலைக்கு ஆகாதுன்னுதான். அதைப் படிக்கற ஆளுங்க யாருன்னு யோசிங்க, ரேடியோவுக்கு புதுப் பாட்டு தேடறவங்க, நிகழ்ச்சிக்கு பேண்ட் புக் பண்றவங்க, இசை பத்தி எழுதறவங்க. இவங்ககிட்ட தினமும் நாலு "விருது பெற்ற" பேண்ட் வந்து நிக்கும். என்ன விருதுன்னு கேப்பாங்க, கொஞ்சம் தேடினாலே செமி ஃபைனல்னு தெரிஞ்சுடும், அதுக்கப்புறம் நீங்க மத்த எல்லாத்தையும் உண்மையா எழுதியிருந்தாலும் அவங்க ஒரு கண்ணை சுருக்கிட்டுத்தான் படிப்பாங்க. செமி ஃபைனலை செமி ஃபைனல்னே போடுங்க. எந்தப் போட்டி, எந்த வருஷம், எந்தப் பாட்டு, அவ்வளவுதான், ஒரே வரி.

பெரிய இடத்துலயே இந்த விளையாட்டு நடக்குது. கிராமிக்கு வர்றதுல தகுதி இருக்கற பதிவெல்லாம் ஆயிரக்கணக்குல முதல் சுற்று ஓட்டுக்குப் போகும், அதுல ஓட்டு வாங்கி கடைசிச் சுற்றுக்கு வர்ற கொஞ்சம் பேர்தான் நாமினி. முதல் சுற்றுல பேர் இருந்ததையே "கிராமி பரிசீலனையில் எங்கள் பாடல்"னு போஸ்டர் அடிக்கறவங்க இருக்காங்க. பொய்னு சொல்ல முடியாது, ஆனா விவரம் தெரிஞ்சவன் சிரிப்பான், தெரியாதவன் கைதட்டிட்டுப் போயிடுவான், ரெண்டு பேருமே பாட்டைக் கேக்கப் போறதில்ல.

காசு கட்டினதை அடைப்புக்குறிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கீங்க. கட்டணம் வாங்கறதாலயே ஒரு போட்டி மோசம்னு ஆயிடாது, பிரிட்டன்ல 1992-ல ஆரம்பிச்ச, வருஷத்தோட சிறந்த ஆல்பத்துக்குக் குடுக்கற மெர்க்குரி பரிசுக்கே நுழைவுக் கட்டணம் உண்டு. பாக்க வேண்டியது வேற. நடுவர் யார் யாருன்னு பேர் வெளியில சொல்லியிருக்காங்களா, மொத்தம் எத்தனை பாட்டு வந்துச்சு, அதுல செமி ஃபைனலுக்கு எத்தனை எடுத்தாங்க. மெர்க்குரி குறும்பட்டியல்ல வழக்கமா 12 ஆல்பம்தான், அதனாலதான் ஜெயிக்காட்டியும் அதுல பேர் வந்தா மரியாதை. உங்க போட்டியில செமி ஃபைனலிஸ்ட்டே நூத்துக்கணக்குல இருந்து, அடுத்த கட்டத்துக்குப் போக இன்னொரு கட்டணம், கோப்பை வேணும்னா அதுக்கும் தனியா காசுன்னு இருந்தா அந்த வரியையே அடிச்சுடுங்க.

எனக்குப் பெருசா பட்டது ரேடியோதான், அதைப் போய் நீங்க கடைசியில ஒத்தை வரியா தள்ளிட்டீங்க! உங்களைத் தெரியாத ஒருத்தர், உங்ககிட்ட எதுவும் வாங்காதவர், ஒரு தடவை போட்டுட்டு விடாம மறுபடி எடுத்துப் போட்டிருக்கார். 1978 செப்டம்பர்ல பிபிசி ரேடியோ 1-ல ஜான் பீல்ங்கற அறிவிப்பாளர் செஞ்சது இதேதான். வட அயர்லாந்துல டெர்ரிங்கற ஊர்ப் பசங்க, அண்டர்டோன்ஸ்னு பேண்ட், பெல்ஃபாஸ்ட்ல இருந்த குட் வைப்ரேஷன்ஸ்ங்கற சின்ன லேபிள்ல (ரெக்கார்டு கம்பெனியில) ஒரு ஈபி போட்டிருந்தாங்க. பீல் அதுல ஒரு பாட்டை ஒலிபரப்பினார், முடிஞ்ச கையோட அதையே திரும்பவும் போட்டார். கொஞ்ச நாள்லயே அமெரிக்காவோட சையர் லேபிள் அவங்களை ஒப்பந்தம் பண்ணிடுச்சு, இன்னிக்கும் அந்த பேண்டைப் பத்திப் பேசற யாரும் அந்த ரெண்டு தடவையைச் சொல்லாம விட மாட்டாங்க. உங்களுக்கும் அப்படியே நடக்கும்னு நான் ஆசை காட்டல. அந்த காலேஜ் ரேடியோக்காரருக்கு ஒரு நன்றி மெயில் போடுங்க, நிகழ்ச்சி பேர் என்ன, எந்தத் தேதின்னு கேளுங்க, பாட்டுல அவருக்கு என்ன பிடிச்சுதுன்னு ஒரு வரி எழுதித் தந்தா அதை அவர் பேரோட போட்டுக்கலாமான்னு அனுமதி கேளுங்க. அந்த வரி கிடைச்சா உங்க அறிவிப்புக்கு அது போதும்.

ஆனா இது எல்லாத்துக்கும் முன்னாடி வரவேண்டியது ரெக்கார்டிங். பாடகர் எழுதினதுல பாட்டு பேர் எத்தனாவது வரியில வருதுன்னு போய் எண்ணிப் பாருங்க, எனக்கென்னவோ கீழதான் இருக்கும்னு தோணுது. கல்யாணப் பத்திரிகையில பொண்ணு மாப்பிள்ளை பேரை விட்டுட்டு வாழ்த்த வர்றவங்க பேரை மட்டும் போட்ட கதையா ஆயிடும். நீங்க எனக்கு எழுதின கடிதத்துலயே அறிவிப்புக்கான வரி இருக்கு, "மூணும் ஒரே ரூம்ல ஒண்ணா வாசிச்சு எடுத்தது". இது உங்களுக்குச் சாதாரணமா தெரியலாம். கேக்கறவங்களுக்கு அப்படி இல்ல. டிரம்ஸ் சத்தம் கிட்டார் மைக்குலயும் போய் விழும், ஒருத்தர் தப்பு பண்ணினா அவர் வாசிச்சதை மட்டும் தனியா வெட்டி ஒட்டறது கஷ்டம், டேக்கையே, அதாவது முழுசா வாசிச்சு எடுத்த அந்தத் தடவையையே, மறுபடி எடுக்கணும், அதனால கடைசியில ஈபியில வர்றது மூணு பேரும் ஒரே மூச்சுல தாங்கிப் பிடிச்ச ஒரு டேக். கிளிக் ட்ராக் (தாளம் தவறாம இருக்க காதுல ஓடற டிக் டிக் சத்தம்) போட்டு வாசிச்சீங்களா, இல்ல ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டேவா? நீங்க சொல்லல, டிரம்மரா இருந்துட்டு அதைச் சொல்லாம விட்டது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மான்செஸ்டர் பக்கம் பஸ்காக்ஸ்னு ஒரு பேண்ட் இதை அழகா பண்ணாங்க. 1976 டிசம்பர் கடைசியில, கடன் வாங்கின 500 பவுண்டை வெச்சு, ஒரே நாள்ல நாலு பாட்டு ரெக்கார்ட் பண்ணாங்க, உங்களை மாதிரியே நாலு. 1977 ஜனவரியில நியூ ஹார்மோன்ஸ்னு தாங்களே ஒரு லேபிள் பேர் வெச்சு முதல்ல ஆயிரம் காப்பி அடிச்சாங்க. உறையில என்ன போட்டாங்க தெரியுமா, ஒவ்வொரு பாட்டும் எத்தனாவது டேக், ஓவர்டப் (அப்புறமா மேல சேர்த்தது) இருக்கா இல்லையான்னு விவரம். பரிசு எதுவும் இல்ல போட. ஆனா அதைப் படிச்ச பசங்களுக்கு, ஓ இதை இப்படித்தான் பண்றாங்களா, அப்ப நாமளும் பண்ணலாமேன்னு தோணுச்சு, இங்கிலாந்துல சொந்தமா ரெக்கார்டு போடற அலைக்கே அது ஒரு பெரிய தூண்டுதல்னு இசை வரலாறு எழுதறவங்க சொல்றாங்க. நீங்களும் ரெக்கார்ட் பண்ண இன்ஜினியர் பேர், மிக்ஸிங் யாரு, மாஸ்டரிங் யாரு, எல்லாத்தையும் போடுங்க. அவங்க வட்டத்துலயும் உங்க பாட்டு சுத்தும்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, உங்க நாலு பேர்ல யாரும் கவனிக்கல போல. செமி ஃபைனல் போனது டெமோ. ஈபியில வர்றது புதுசா எடுத்தது. பாட்டு ஒண்ணுதான், ஆனா பதிவு ரெண்டு. ஐஎஸ்ஆர்சின்னு 12 எழுத்தும் எண்ணுமா ஒரு அடையாளக் குறி தருவாங்க பாருங்க, அது பாட்டுக்கு இல்ல, பதிவுக்கு, டெமோவுக்கு ஒண்ணு வாங்கியிருந்தாலும் புது ரெக்கார்டிங்குக்கு வேற வாங்கணும். அதனால "இந்தப் பாட்டோட ஆரம்ப டெமோ செமி ஃபைனலுக்குத் தேர்வாச்சு"ன்னு எழுதினாத்தான் சரி. அப்புறம், அந்த டெமோவுல கிட்டார் வாசிச்சது யாரு? போன வருஷம் போனவரா இருந்தா, நீங்க பெருமைப்படற அந்த ஒரு வரியில அவருக்கும் பங்கு இருக்கு.

அவர் விஷயத்துக்கு வர்றேன். பேரைப் போடுங்க. சண்டை வேற, ரிஃப் வேற. இதுல ரெண்டு உரிமை இருக்கு, ஒண்ணு பாட்டை உருவாக்கினதுக்கான உரிமை, இன்னொண்ணு பதிவுக்கான உரிமை. ஈபி பதிவுல அவர் வாசிக்கலன்னா வாசிச்சவர் பட்டியல்ல அவர் பேர் வராது, சரி. ஆனா பாட்டை நிறுத்தி வெச்சிருக்கற ரிஃப் அவரோடதுன்னா உருவாக்கினவங்க பட்டியல்ல வரணும். விட்டா என்ன ஆகும்னு கேட்டா புரோகோல் ஹாரம்ங்கற பிரிட்டிஷ் பேண்டோட கதையைச் சொல்வேன். 1967-ல அவங்களுக்கு ஒரு பாட்டு உலகம் பூரா ஹிட், அதுல வர்ற ஆர்கன் மெட்டை வாசிச்சவர் மேத்யூ ஃபிஷர், ஆனா பாட்டு எழுதினவங்க பேர்ல அவர் இல்ல. கிட்டத்தட்ட நாப்பது வருஷம் கழிச்சு கோர்ட்டுக்குப் போனார், 2006-ல இசை உரிமையில நாப்பது சதவீதம் அவருக்குன்னு தீர்ப்பு, 2008-ல மேல்முறையீட்டுல ராயல்டி பங்கு போச்சு, 2009-ல, அப்ப பிரிட்டன்ல கடைசி கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை திரும்பவும் அவருக்கே குடுத்துச்சு. எல்லா ரிஃபுக்கும் கோர்ட் இப்படிச் சொல்லும்னு இல்ல, நாட்டுக்கு நாடு சட்டமும் மாறும். இருந்தாலும் இன்னிக்கு ஒரு போன் பண்ணி பேசி, யாருக்கு எத்தனை சதவீதம்னு ஒரு பேப்பர்ல எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டுட்டா இந்தத் தலைவலி எதுவுமே இல்ல. நேர்ல பேசப் பிடிக்கலன்னா பேஸ் வாசிக்கறவரை விட்டுப் பேசச் சொல்லுங்க, பேண்ட்ல சமாதானத்துக்குப் போறது எப்பவும் அவங்கதானே. ஆர்.இ.எம்.ங்கற அமெரிக்க ராக் பேண்ட்ல யார் என்ன கொண்டு வந்தாலும் நாலு பேர் பேரையும் சேர்த்தே போட்டாங்க, ரொம்ப வருஷம் ஓடினாங்க, அடுத்த ஈபிக்கு அதையும் யோசிங்க.

மிச்சத்தை வேகமா சொல்லிடறேன். உலக அளவுல புது வெளியீட்டுக்கு 2015 ஜூலைலேர்ந்து வெள்ளிக்கிழமைதான் வழக்கம், நீங்களும் அதையே வெச்சுக்கலாம். பாட்டை ஆன்லைன் தளங்களுக்கு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட மூணு நாலு வாரம் முன்னாடியே பாட்டை ஏத்திடுங்க, ஏன்னா ஸ்பாட்டிஃபைல பிளேலிஸ்ட்டுக்குப் பரிந்துரைக்கச் சொல்லி அனுப்பறதெல்லாம் வெளிவராத பாட்டுக்கு மட்டும்தான், குறைஞ்சது ஏழு நாள் முன்னாடி. மெட்டாடேட்டாவுல (பாட்டோட கூடப் போற பேர் விவரத்துல) எழுத்துப்பிழை இருக்கான்னு ஒருத்தர் உக்காந்து பாருங்க, ஏத்தின அப்புறம் மாத்தறது பெரிய ரோதனை. காசு வரும்னு ரொம்ப கணக்கு போடாதீங்க, 2024-லேர்ந்து ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு பன்னெண்டு மாசத்துல ஆயிரம் தடவையாவது கேக்கப்பட்டாத்தான் பதிவுக்கான ராயல்டியே கணக்குல வரும்.

அறிவிப்பு நானா இருந்தா இப்படி எழுதுவேன்: "எங்க முதல் ஈபி இந்த வெள்ளிக்கிழமை வருது. நாலு பாட்டு. டிரம்ஸ், பேஸ், ரிதம் கிட்டார் மூணும் ஒரே ரூம்ல ஒண்ணா வாசிச்சது, லீடும் குரலும் அப்புறம் சேர்த்தது." அடுத்து நாலு பாட்டு பேர், உருவாக்கினவங்க, வாசிச்சவங்க, இன்ஜினியர். அதுக்குக் கீழ ரேடியோக்காரரோட வரி. கடைசியில செமி ஃபைனல், டெமோங்கற விவரத்தோட. இதுல பாடகருக்கு தலைப்பு உப்புச்சப்பில்லாம தெரிஞ்சா அவரே வேற தலைப்பு வைக்கட்டும், "விருது" மட்டும் அதுல வராம நீங்க பாத்துக்கோங்க.